இலக்கும் பின்தடுப்பும்: கொல்லைப்புற எய்தற் பயிற்சியின் அதபு

தவறுதலாக நேரும் கொலையை விளக்கப் புகும் ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டையே நம்முன் வைக்கின்றன. ஒருவர் இலக்கையோ வேட்டைப் பிராணியையோ குறிபார்த்து அம்பெய்கிறார், அம்பு விலகி ஒரு மனிதர்மீது பாய்கிறது, அவர் இறந்துபோகிறார். எய்தவரின் உள்ளத்தில் பகை இல்லை. தீய நோக்கமும் இல்லை. ஆயினும் பொறுப்பிலிருந்து அவர் விடுபடுவதில்லை. இத்தகைய இறப்புக்கு உரியவர்களிடம் ஈட்டுத்தொகை ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும், எய்தவர் பரிகாரம் செய்ய வேண்டும் என்றும் அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கிறது. முன்னதைத் தியத் என்றும் பின்னதைக் கஃப்பாரா என்றும் சட்ட அறிஞர்கள் வழங்குவர். தியத்தின் சுமையை எய்தவரின் ஆண்வழி உறவினர்களாகிய ஆகிலா ஏற்க வேண்டும் என்பதும் அவர்களது முடிவு. ஒருவரது கவனக்குறைவுக்கு ஒரு குடும்பமே விலை கொடுக்கிறது.

எத்தனையோ விபத்துகள் இருக்க, இலக்குப் பயிற்சியை ஏன் இவ்வறிஞர்கள் எடுத்துக்காட்டாகக் கொண்டனர்? அவர்களது சமூகத்தில் அது அன்றாடச் செயலாக இருந்தது; அதனோடு, மார்க்கம் ஊக்குவித்த செயலாகவும் இருந்தது. ஊக்குவிக்கப்பட்ட நற்செயலே ஓர் உயிரைப் பறிக்கவும் கூடும் என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது மிக எளிய பொருள் ஒன்று: இலக்குக்குப் பின்னால் எழுப்பப்படும் தடுப்பு. வீட்டுக் கொல்லையில் வில்லோ ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கியோ பழக விரும்பும் நம் இளைஞர்களில் பலர் இலக்குப் பலகையைப் பற்றி நிறையச் சிந்திக்கிறார்கள். அதன் பின்புறத்தைப் பற்றிச் சிந்திப்பவர் சிலரே. அப்பின்புறத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நம் மண்ணில் நிகழ்ந்தவை

இது வெறும் ஏட்டளவுக் கவலை என்று எவரேனும் கருதினால், அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டை நினைவூட்ட விரும்புகிறோம். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையை அடுத்த அம்மாசத்திரம் துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து விலகிச் சென்ற குண்டு, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில் தன் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூரில் சிகிச்சை பெற்றுவந்த அச்சிறுவன் 2022 ஜனவரி 3 அன்று உயிர்நீத்தான். அத்துயரம் ஆறுவதற்குள், அதே ஜனவரியில், பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் உள்ள சுடுதளத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டின் கூரையைக் குண்டு துளைத்த செய்தி வெளிவந்தது.

இவை கொல்லைப்புறங்கள் அல்ல. பயிற்றுநர்களும் ஒழுங்குமுறைகளும் உள்ள, இதற்கெனவே ஒதுக்கப்பட்ட தளங்கள். அங்கேயே குண்டு எல்லை கடக்குமாயின், நான்கு புறமும் வீடுகள் நெருங்கிய தெருவில், மூங்கிலும் சாக்கும் கொண்டு நாமே அமைக்கும் இலக்கின் நிலை என்ன? லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் உள்ள நெருக்கமான தெருக்களை அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் கனம் விளங்கும். ஒரு வீட்டின் கொல்லைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டின் கிணற்றடி இருக்கும். அங்கே துணி துவைப்பவரும் விளையாடும் பிள்ளைகளும் இருப்பர்.

முன்னோர் கற்பித்த ஒழுங்கு

எதிர்கொள்ள இயன்ற அளவு வலிமையைத் திரட்டி வைக்குமாறு கூறும் இறைவசனத்தை ஓதிய அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அவ்வலிமை எய்தலே என்று மும்முறை விளக்கியதை உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இதே உக்பாவைப் பற்றிய மற்றொரு செய்தி நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. முதுமை எய்திய பின்னரும் அவர்கள் இரண்டு இலக்குகளுக்கு இடையே நடந்து நடந்து பயிற்சி செய்தார்கள். இந்த வயதில் இது சிரமமாயிற்றே என்று ஒருவர் வினவியபோது, எய்தலைக் கற்றபின் கைவிடுபவரைப் பற்றி நபியவர்கள் விடுத்த கண்டனத்தை எடுத்துக்கூறினார்கள்.

இரண்டு இலக்குகளுக்கு இடையே நடப்பது என்னும் அக்குறிப்பு, அக்காலப் பயிற்சிக் களத்தின் அமைப்பைக் காட்டுகிறது. களத்தின் இரு முனையிலும் இலக்குகள் நிற்கும். ஒரு முனையில் நின்று எதிர்முனை இலக்கை நோக்கி எய்வர். பின்னர் அங்கு நடந்து சென்று அம்புகளைப் பிடுங்கி, திரும்பி நின்று முதல் இலக்கை நோக்கி எய்வர். இவ்வமைப்பு ஒழுங்காக நடைபெற ஒரு நிபந்தனை உண்டு: ஒருவரது அம்பேனும் எஞ்சியிருக்கும் வரை எவரும் முன்னே அடியெடுத்து வைக்கலாகாது. இன்றைய உலக வில்வித்தைப் போட்டிகளில் ஊதலொலிக்குப் பின்னரே வீரர்கள் இலக்கை நோக்கி நடப்பதும் இதே அடிப்படையில்தான்.

எய்தலைப் போற்றிய நபியவர்களே அதற்கு வரம்புகளையும் வகுத்தார்கள். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் நேராதபடி அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்னும் கட்டளை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. சகோதரரை நோக்கி ஆயுதத்தை நீட்டுதல் கூடாது என்றும், கை தவறிவிட ஷைத்தான் காரணமாகக்கூடும் என்றும் அபூ ஹுரைரா (ரலி) வழியாக வரும் எச்சரிக்கை இதன் துணையாக நிற்கிறது. முதற்கட்டளை எய்யப்படாத அம்பைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். நாணேறாத அம்புக்கே இத்தனை கவனம் வேண்டுமெனில், நாணை விட்டுப் பறந்த அம்புக்கு எத்தனை கவனம் வேண்டும்? முனையைப் பொத்திய அவ்வுள்ளங்கையின் நீட்சியே இலக்கின் பின்தடுப்பு எனலாம்.

இலக்காக எதை வைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. உயிருள்ள பறவையொன்றைக் கட்டிவைத்து எய்துகொண்டிருந்த இளைஞர்கள், இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டதும் சிதறி ஓடினர். உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததை அவர்களுக்கு அந்த நபித்தோழர் அறிவித்தார்கள். விளையாட்டின் ஆரவாரத்தில் இந்த எச்சரிக்கை மறக்கப்பட்ட காலங்களும் உண்டு. மம்லூக்குகளின் கெய்ரோவில் உயர்ந்த கம்பத்தின் உச்சியில் சுரைக்காய் வடிவக் கலத்தை வைத்து, குதிரையில் விரைந்தவாறே எய்யும் கபக் என்னும் போட்டி புகழ்பெற்றிருந்தது. அக்கலத்தினுள் புறாவை அடைத்து வைத்ததும் உண்டு என வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கொல்லையில் அணிலையும் மைனாவையும் குறிபார்க்கும் சிறுவரை நாம் திருத்த முற்படும்போது, இது வெறும் இரக்க உணர்வன்று, மார்க்க விதி என்பதையும் சொல்ல வேண்டும்.

உஸ்மானியர்கள் இலக்கையும் களத்தையும் ஒரு கலையாகவே வளர்த்தனர். 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் கைப்பற்றப்பட்ட பின்னர் சுல்தான் இரண்டாம் முஹம்மது வில்லாளர்களுக்கென ஒதுக்கிய ஒக்மைதானி, அதாவது அம்பு மைதானம், இன்றும் இஸ்தான்புல் நகரில் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே 800 மீட்டரைத் தாண்டிய எய்தல்களும் கல்நட்டுக் குறிக்கப்பட்டுள்ளன. அத்தனை தொலைவு செல்லும் அம்புக்குத் தக்கவாறு, மக்கள் குடியேறாத பரந்த வெளி அங்கே காக்கப்பட்டது. குறிபார்த்தலுக்கோ பூத்தா என்னும் பேரிக்காய் வடிவத் தோல்மெத்தையைப் பயன்படுத்தினர். அதனுள் மரத்தூளும் பருத்தி விதையும் திணிக்கப்பட்டிருக்கும். துருக்கியரின் மரபு வில்வித்தை 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பருத்தி விளையும் பெரம்பலூர்க் கரிசலில் வாழும் நமக்குப் பூத்தாவின் உள்ளடக்கம் அந்நியமானதன்று.

ஆற்றலை விழுங்கும் அமைப்பு

நல்ல இலக்கின் பணி இரண்டு: கண்ணுக்குக் குறியைக் காட்டுவது, வந்து சேரும் ஆற்றலை விழுங்குவது. முதற்பணிக்கு ஒரு தாள் போதும். இரண்டாவதற்கே உழைப்புத் தேவை. 20 கிராம் எடையுள்ள அம்பு வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறந்தால் அதன் இயக்க ஆற்றல் 25 ஜூல். ஏர்கனிலிருந்து வெளிப்படும் அரை கிராம் ஈயக் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் சென்றால் ஏறத்தாழ 7 ஜூல். வெடியோசையற்ற, பழமையான வில்லே இங்கு கூடுதல் ஆற்றலைச் சுமக்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஏர்கன் குண்டும் தடையின்றிப் போனால் சில நூறு மீட்டர் செல்லவல்லது.

வில்லுக்கான இலக்கை நம் வட்டாரப் பொருள்களைக் கொண்டே அமைக்கலாம். மிக எளியது சாக்கு இலக்கு. இரட்டைச் சாக்கு ஒன்றினுள் பழந்துணியையோ பருத்திக் கழிவையோ சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு அடுக்கையும் காலால் மிதித்து இறுக்க வேண்டும். தளர்ந்த திணிப்பினூடே அம்பு தடையின்றி நழுவிச் செல்லும். பொத்தான், கொக்கி, பற்பிணை முதலியவற்றை முன்கூட்டியே வெட்டி நீக்கிவிட வேண்டும். பிள்ளைகள் பழகும் இலகுவான வில்லுக்கும் திணிப்பின் தடிப்பு 30 சென்டிமீட்டருக்குக் குறையாதிருத்தல் நன்று.

அடுத்தது தட்டை இலக்கு. மக்காச்சோள அறுவடைக்குப் பின் வயல்களில் எஞ்சும் தட்டையை நன்கு உலர்த்தி, தோகையை நீக்கி, ஒரே நீளமாக நறுக்கிக் கட்டுகளாக்க வேண்டும். வெட்டுமுனைகள் எய்பவரை நோக்கியிருக்குமாறு கட்டுகளை அடுக்கி, மேலும் கீழும் மூங்கில் வைத்துக் கயிற்றால் முறுக்கி இறுக்கினால், அம்பு தண்டுகளின் இடையே புகுந்து உராய்வினால் நின்றுவிடும். தண்டுகளைக் குறுக்காகக் கிடத்தினால் அவை விரைவில் ஒடிந்து சிதைந்துபோகும். வைக்கோலையும் இவ்வாறே பிரிமுறுக்கிப் பயன்படுத்தலாம். கரையான் ஏறாமலிருக்க அமைப்பைச் செங்கல்மீது நிறுத்துவதும், மழைக்காலத்தில் கூரையடியில் வைப்பதும் அவசியம். தேளும் பாம்பும் இத்தகைய அடுக்குகளை நாடுவதால், அம்பைப் பிடுங்கக் கை நீட்டுமுன் கோலால் தட்டிப் பார்ப்பது அறிவுடைமை.

தாங்கியின் கால்கள் அம்பின் பாதையில் நிற்கலாகாது. இலக்கின் முகத்தைவிட அகலமாகக் கால்களை ஊன்றி, மூன்றாம் காலைப் பின்னே சாய்த்து முட்டுக்கொடுத்தால் காற்றில் சாயாது. போட்டிக் களங்களில் இலக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் அமையும். முகம் 10 முதல் 15 பாகை பின்சாய்ந்திருக்கும். கொல்லைக்கு இவ்வுயரம் ஏற்றதன்று. நடுப்புள்ளியை முழங்கால் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தால், எய்பவரின் பார்வைக்கோடு தரையை நோக்கிச் சரியும். குறி தவறிய அம்புகளில் பெரும்பகுதி மண்ணிலேயே புதையும்.

ஏர்கனுக்கு வேறு அமைப்புத் தேவை. மரப்பெட்டியொன்றினுள் 3 மில்லிமீட்டருக்குக் குறையாத இரும்புத் தகட்டை 45 பாகை சாய்த்துப் பொருத்த வேண்டும். இங்கே சாய்வின் திசை வில்லிலக்குக்கு நேர்மாறானது: தகட்டின் மேல்விளிம்பு எய்பவரின் பக்கமாகவும், கீழ்விளிம்பு பின்னோக்கியும் இருக்க வேண்டும். அப்போதுதான் குண்டு கீழ்நோக்கித் திரும்பி மணல்தட்டில் விழும். திசை மாறினால் குண்டு வானை நோக்கித் தெறிக்கும். செங்குத்தான தகடோ கருங்கல்லோ எய்பவர் முகத்துக்கே குண்டைத் திருப்பியனுப்பும். எஃகு உருண்டைகள் இவ்வாறு தெறிப்பதில் மிகக் கொடியவை. அவற்றை முற்றாகத் தவிர்க்க வேண்டும். கண்ணைக் காக்கும் கண்ணாடி எய்பவருக்கும் அருகில் நிற்பவருக்கும் தேவை. ஈயம் நஞ்சாதலால், சிதறிய குண்டுகளை மணலிலிருந்து சலித்தெடுத்துத் தனியே சேர்த்துவைக்க வேண்டும். கோழியும் ஆடும் மேயும் மண்ணில் அவை விழலாகாது. பயிற்சிக்குப் பின் கையைச் சவுக்காரமிட்டுக் கழுவாமல் உணவைத் தொடுவதும் கூடாது.

பின்தடுப்பு என்னும் கடமை

இவ்வளவும் இலக்கில் பட்ட எய்தலுக்கான ஏற்பாடு. இலக்கில் படாத எய்தலுக்கே பின்தடுப்பு. பயில்பவர் குறி தவறுவது உறுதி. தவறாதவருக்குப் பயிற்சி எதற்கு? ஆகவே பின்தடுப்பு, அரிதாக நேரும் விபத்துக்கான முன்னெச்சரிக்கை என்பதைவிட, ஒவ்வொரு நாளும் வேலைசெய்யும் கருவி என்றே கருதத்தக்கது.

மிகச் சிறந்த தடுப்பு மண்கரை. ஆளுயரத்துக்கு மேற்பட்ட, இலக்கின் இருபுறமும் நன்கு நீண்ட கரை வேண்டும். முகப்பில் ஓரடித் தடிப்புக்கேனும் சலித்த மண்ணே இருத்தல் வேண்டும். அரியலூர்ப் பகுதியின் மண்ணில் சுண்ணாம்புக்கல் துண்டுகள் கலந்திருப்பது இயல்பு. ஒரு கல்துண்டே குண்டைத் திசைமாற்றப் போதுமானது. சிமெண்டு ஆலைகள் மிகுந்த அம்மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும் பழைய சிமெண்டுப் பைகளில் சலித்த மண்ணை நிரப்பிச் செங்கற்கட்டுப் போல் மாற்றி மாற்றி அடுக்கியும் கரை எழுப்பலாம். வெயிலில் இப்பைகள் நைந்துபோகும் என்பதால் ஆண்டுதோறும் மாற்ற வேண்டும். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கங்களின் செங்குத்துச் சுவர்கள் இயற்கையான தடுப்பாகத் தோன்றும், அத்தோற்றம் ஏமாற்றவல்லது. கெட்டிப் பாறை குண்டைத் தெறிக்கச் செய்யும். விளிம்பின்மீது ஆடு மேய்ப்பவர் வரக்கூடும். பிறர் நிலத்தில் இசைவின்றி நுழைவதும் ஆகாது.

கொல்லைச் சுவரையே பின்தடுப்பாகக் கருதுவது பரவலான பிழை. நான்கடிச் சுவருக்கு மேல் எழும் ஓர் அம்பு, சுவர் இல்லாததுபோலவே அப்பால் செல்லும். சுவரை உயர்த்த இயலாதவர் தூரத்தைக் குறைக்கலாம். ஐந்து மீட்டர் தூரத்தில் பெரிய இலக்கை வைத்து உடல்நிலையையும் மூச்சையும் பழக்கினால் முதலாண்டுப் பயிற்சிக்கு அது போதும். பன்னாட்டுப் போட்டிகளில் ஏர்ரைபிளுக்குரிய தூரமே 10 மீட்டர்தான். ஆதலால், மறுமுனையில் கதவோ சன்னலோ இல்லாத நீண்ட அறையோ தாழ்வாரமோ உள்ளவர், திறந்த கொல்லையைவிட அதனையே தேர்ந்துகொள்ளலாம்.

சட்டம் கேட்பதும் அதபு கேட்பதும்

1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி துப்பாக்கிக்கு உரிமம் தேவை; உரிமம் பெற்ற துப்பாக்கியாயினும் கொல்லைப்புறம் அதற்குரிய இடமன்று. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி, வெளிப்படும் ஆற்றல் 20 ஜூலுக்கும் குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் மேற்படாத ஏர்கன்களுக்கு உரிமம் வேண்டியதில்லை. விளையாட்டு வில்லுக்கும் உரிமம் கேட்கப்படுவதில்லை. 25 ஜூல் சுமக்கும் அம்பு இவ்வாறு சட்டத்தின் வாயிலில் தடையின்றி நுழைகிறது. எனினும், நேர்ந்த பின் சட்டம் கேட்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவு, கவனக்குறைவால் பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஊறு விளைவிக்கும் செயலையும், 106ஆம் பிரிவு கவனக்குறைவால் நேரும் மரணத்தையும் குற்றமாக்குகின்றன.

மார்க்கத்தின் கேள்வி இதற்கு முன்பே தொடங்குகிறது. தனக்கும் பிறர்க்கும் தீங்கிழைத்தலாகாது என்னும் நபிமொழி, ஃபிக்ஹுக் கலையின் ஐம்பெரும் விதிகளுள் ஒன்றுக்கு அடித்தளமாக விளங்குகிறது. அம்பு எவர்மீதும் படாவிட்டாலும், பட்டுவிடுமோ என அஞ்சி அண்டை வீட்டார் தம் பிள்ளைகளைக் கொல்லைக்கு அனுப்பத் தயங்கினால் அதுவும் தீங்கே. அண்டை வீட்டார் நம் சமயத்தவராயினும் பிற சமயத்தவராயினும் அவ்வுரிமை மாறுவதில்லை. ஆகவே, தடுப்பை எழுப்புமுன் அவர்களிடம் சொல்லி இசைவு பெறுவதும், பயிற்சி நேரத்தை அறிவிப்பதும் இக்கலையின் பகுதியே. சிறுவர் தனியே எய்யாதவாறு வில்லையும் ஏர்கனையும் பூட்டிவைப்பதும் அவ்வாறே.

நெருக்கமான தெருவில் வாழ்பவர்க்கு நேர்மையான விடை, கொல்லையில் எய்யாதிருப்பதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வீடும் அரைகுறையான தடுப்பொன்றை அமைப்பதைவிட, ஊர் ஜமாஅத்தோ இளைஞர் மன்றமோ நில உடைமையாளரின் இசைவுடன், குடியிருப்புக்கு எதிர்ப்புறமாக, முறையான மண்கரை ஒன்றை எழுப்புவது சிறந்தது. ஓர் ஊருக்கு ஒரு கரை போதும். பயிற்றுநரையும் அங்கேயே அழைக்கலாம். காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பதும் எளிது.

எங்கே அமைத்தாலும் முதல் அம்புக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. எய்யும் கோட்டிலிருந்து இலக்குவரை நடந்து, அத்துடன் நில்லாமல் தடுப்பின் மறுபுறம் சென்று, அங்கிருந்து எய்யும் கோட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டும். எய்பவரின் தலை அங்கிருந்து தெரியுமாயின் கரை இன்னும் உயர வேண்டும். தெரியாவிடினும், அங்கே ஒற்றையடிப் பாதை உண்டா, கிணறு உண்டா, மாலையில் மேய்ச்சல் முடித்துத் திரும்பும் ஆடுகள் எவ்வழியே வருகின்றன என்பவற்றை அறிந்த பின்னரே வில்லை எடுக்க வேண்டும்.